எல்லோரா போகும் வழியில் ஒரு குளம்

எல்லோராவுக்குப் போகிறவர்கள் வழியில் தௌலதாபாத் கோட்டையையும் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். பீரங்கி, அகழி, இருட்டுப் பாதை எல்லாவற்றையும் காட்டினார் எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி. அந்தக் கோட்டை வாசலில் 1934-இல் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது.

அந்த ஆண்டு அண்ணல் அம்பேத்கரும் இயக்கத் தோழர்களுமாகச் சுமார் முப்பது பேர் எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்க்க நாசிக்கிலிருந்து கிளம்பினார்கள். வட்டமேசை மாநாட்டில் பேசியவர், பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர், இரண்டு நாடுகளில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவரும் தோழர்களும் வழியில் தாங்கள் யாரென்று காட்டிக்கொள்ளாமல்தான் பயணம் செய்ய வேண்டியிருந்தது. தங்கும் ஊர்களில் சேரி மக்களுக்கு மட்டும் தெரியும்.

அது ரம்ஜான் மாதம். கோட்டைக்கு வெளியே விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய சிறு குளம். உடம்பெல்லாம் பயணப் புழுதி. முகம், கை, கால் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். உள்ளே போக அனுமதி கேட்டு நிற்கும்போது, தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டே ஒரு முதியவர் ஓடிவந்தார். கூட்டம் கூடியது. வந்தவர்களுக்கு மட்டுமல்ல, உள்ளூர் தலித் மக்களுக்கும் வசவு விழுந்தது. இதைத்தான் உங்கள் மதம் சொல்கிறதா, தீண்டத்தகாதவர் ஒருவர் முஸ்லிமாக மாறினால் அவரையும் இந்தத் தண்ணீரைத் தொடவிடாமல் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் கோபமாகக் கேட்டார். கூட்டம் அமைதியானது. கோட்டையைப் பார்க்க அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது. அதைக் கண்காணிக்க ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவர் கூடவே வந்தார்.

‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் அவரே எழுதியிருக்கிறார். இந்துவுக்குத் தீண்டத்தகாதவர் முஸ்லிமுக்கும் தீண்டத்தகாதவராகவே இருக்கிறார் என்பதற்குச் சான்றாக எழுதுகிறார். நாம் இதை மறைக்க வேண்டியதில்லை. இன்று முஸ்லிம்கள்மீது வெறுப்பை வளர்க்கிறவர்களுக்கு இதை எடுத்துக்கொடுக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பயணம் புறப்பட்ட நாசிக்கில் காலாராம் கோயில் இருக்கிறது. 1930 மார்ச் 2-ஆம் தேதி அங்கே நுழைவுப் போராட்டம் தொடங்கியது. 1934-லும் அந்தக் கதவு நமக்குத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே நாசிக் மாவட்டத்தின் யேவலாவில்தான், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் அறிவித்தார்.

அதே நாசிக்கின் ஓரத்தில் ஒரு குன்றில் பௌத்தக் குகைகள் இருக்கின்றன. இன்று அவற்றின் பெயர் பாண்டவ்லேணி. பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கல்வெட்டுகளைக் கேளுங்கள். 8-ஆம் குகை முகுதாசன் என்ற மீனவர் குடும்பத்தோடு சேர்ந்து கொடுத்த தானம். 17-ஆம் குகையைக் குடைவித்தவர் வடக்கிலிருந்து வந்த இந்திராக்னிதத்தன் என்ற யவனர். குகையோடு தண்ணீர்த் தொட்டிகளும் வெட்டிக்கொடுத்ததாக அவருடைய கல்வெட்டு சொல்கிறது. கோட்டை வாசல் குளத்தை நினைத்துக்கொண்டு அதைப் படித்தால் மனம் என்னவோ செய்கிறது.

உடனே பௌத்தக் காலம் பொற்காலம் என்று முழங்கிவிட வேண்டாம், அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். அதே குன்றில் 3-ஆம் குகை பிக்குகளுக்குத் தாய் கௌதமி பாலஸ்ரீ கொடுத்தது. அங்குள்ள கல்வெட்டு அவருடைய மகன் கௌதமிபுத்திர சாதகர்ணியை நால்வருணக் கலப்பைத் தடுத்தவன் என்று புகழ்கிறது. பிக்குகள் தங்கிய சுவரிலேயே அந்தப் பெருமை பொறிக்கப்பட்டிருக்கிறது. மீனவரின் பெயரும் அரசனின் வருணப் பெருமையும் சில அடி தூரத்தில் இருக்கின்றன. இரண்டையும் படிக்க வேண்டும்.

எல்லோராவில் 34 குகைகள். 1 முதல் 12 வரை பௌத்தம், 13 முதல் 29 வரை இந்து, 30 முதல் 34 வரை சமணம். எல்லோரும் நேராக ஓடுவது 16-க்கு. ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், மலையை மேலிருந்து கீழாக வெட்டி எடுத்த கைலாசநாதர் கோயில் அது. பிரமிப்பு பொய்யில்லை, எனக்கும் வந்தது. பிற்காலச் செப்பேடு ஒன்று, கட்டிய சிற்பியே இதை எப்படிச் செய்தேன் என்று வியந்ததாகச் சொல்கிறது. அந்தச் சிற்பியின் பெயரைச் சொல்லவில்லை. வெட்டிய கல்லைச் சுமந்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

10-ஆம் குகைக்கு விஸ்வகர்மா என்று பெயர். தச்சர் குடிசை என்றும் சொல்வார்கள். கூரையில் மர விட்டங்கள் மாதிரியே கல்லில் செதுக்கியிருப்பதால் வந்த பெயர். தூபத்தின் முன்னால் அமர்ந்திருப்பவர் புத்தர்.

போகிற தோழர்கள் கவனிக்க: செவ்வாய்க்கிழமை எல்லோரா மூடியிருக்கும். காலையிலேயே போய் 1-இலிருந்து தொடங்குங்கள், 16-க்குக் கூட்டம் எப்போதும் இருக்கும். தௌலதாபாத்தில் இறங்கினால் கோட்டைக்குள் ஓடுவதற்கு முன் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். ஔரங்காபாத்தில் அரை நாள் மிச்சமிருந்தால், அம்பேத்கர் 1950-இல் தொடங்கிய மிலிந்த் கல்லூரி வளாகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.