பிடியரிசியும் தோர்ணக்கல்லும்: திருநெல்வேலிச் சபை மெத்தனம் கலைந்த வரலாறு

1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் ஒரு சிறு கூட்டம் கூடி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியது. ஊழியர் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அதற்கு முன்னால் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளாகத் திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்டு சபை இருந்து வந்திருந்தது. குளோரிந்தா என்ற பெண்மணி பாளையங்கோட்டையில் கட்டிய கோயிலுக்கு வயது 1785-லிருந்து கணக்கு. அப்படியிருக்க, தன் கைக்காசைப் போட்டு ஓர் ஊழியரை வெளியே அனுப்ப அந்தச் சபைக்கு ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? இந்தக் கேள்வியை முன்வைத்தே இக்கட்டுரை நகர்கிறது.

பழைய விடை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாட்டன் காலத்து விசுவாசம் பேரன் காலத்தில் பழக்கமாகிவிட்டது, ஜனங்கள் பெயர்க் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள் என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனெரி அறிக்கைகளில் இந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அந்த அறிக்கைகள் லண்டனில் காணிக்கை தந்தவர்களுக்காக எழுதப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. பணி வளர்கிறது என்றும் காட்ட வேண்டும், பணி இன்னும் முடியவில்லை என்றும் காட்ட வேண்டும். சபையாரின் சோர்வைப் பற்றிய வரிகளை அந்த இரட்டைத் தேவையோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

என் பார்வையில், மெத்தனத்தின் வேர் ஜனங்களின் மனதைவிட அமைப்பில்தான் அதிகம் இருந்தது. 1799-ல் உருவான முதலூர் தொடங்கி நாசரேத்து, மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று கிறிஸ்தவக் கிராமங்கள் எழுந்தன. ஊரில் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு அவை புகலிடம். மிஷனெரி ரேனியஸ் 1830-ல் தொடங்கிய தரும சங்கம் இத்தகைய குடியிருப்புகளுக்கு நிலம் வாங்கவே ஏற்பட்டது. கோயில், பள்ளிக்கூடம், கிணறு, தெருவுக்குத் தெரு சபையார் என்று ஊர் முழுக்க ஒரே வேதக்காரர்களாக இருக்கும்போது விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ள அக்கம்பக்கத்தில் ஆளே இல்லை. அதற்கென்று சம்பளத்துக்கு உபதேசியார் இருந்தார், அவருக்கு மேலே ஐயர் என்று அழைக்கப்பட்ட குருவானவர் இருந்தார், ஐயருக்கு மேலே வெள்ளைக்காரத் துரை இருந்தார். நற்செய்தி சொல்வது ஓர் உத்தியோகம், சபையார் அதைக் கேட்பவர்கள். 1877-78 பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கானோர் புதிதாகச் சேர்ந்ததும் இந்த ஏணி இன்னும் நீண்டது.

இதை உடைக்க முயற்சி நடக்காமல் இல்லை. 1860-ல் கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பனைச் சுற்றி ஓர் எழுப்புதல் கிளம்பியது. அருளப்பன் எந்தச் சங்கத்திலும் சம்பளம் வாங்காதவர், மிஷனெரி அந்தோணி நோரிஸ் குரோவ்ஸின் சீடர். கண்ணீரும் அறிக்கையிடுதலுமாகப் பரவிய அந்த அலையைச் சில மிஷனெரிகள் வரவேற்றார்கள், வேறு சிலர் உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று சந்தேகித்தார்கள். நூற்றாண்டின் இறுதியில் மிஷனெரி தாமஸ் வாக்கர் நிர்வாகப் பொறுப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்கத் தொடங்கினார். அவரோடு பண்ணைவிளையிலிருந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேலும், நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு வந்த தமிழ்ப் பெண்களின் குழுவும் கிராமங்களுக்குப் போனார்கள். இவர்களுடைய பிரசங்கம் மனச்சாட்சியைக் குத்தியது. ஆனால் குத்துப்பட்டவர் வீட்டுக்குப் போய் அடுத்து என்ன செய்வது என்பதற்கு அது ஏற்பாடு எதுவும் தரவில்லை. கூட்டம் முடிந்ததும் உபதேசியார் உபதேசியாராகவே இருந்தார், சபையார் சபையாராகவே இருந்தார்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தார். 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்து ஐயரின் மகனாகப் பிறந்தவர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றியவர். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ் மாணவர்கள் தாங்களே காசு சேர்த்துக் கடலுக்கு இக்கரையில் தொண்டிப் பக்கத்தில் ஓர் ஊழியரை வைத்திருப்பதைக் கண்டார். அவர்களைவிடப் பழையதும் பெரியதுமான திருநெல்வேலிச் சபை அப்படி ஒருவரைக்கூட அனுப்பவில்லை. அந்த வெட்கமே அடுத்த ஆண்டு சங்கமாக உருவெடுத்தது. வாக்கரின் பிரசங்கங்கள் கேட்டவரைத் தன் பாவத்தை நினைக்க வைத்தன என்றால், யாழ்ப்பாணம் அசரியாவுக்கு ஒரு வேலையைக் காட்டியது. இரண்டும் ஒன்றல்ல.

பணம் வந்த விதத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிக் கிராமத்தில் 1903-ல் ரொக்கம் அரிது. பதநீர்க் காலத்தில் கருப்பட்டி இருக்கும், மற்றக் காலத்தில் கடன் இருக்கும். ஆகவே ஊழியத்துக்குக் கைகொடுத்தது பிடியரிசிதான். உலைக்குப் போடுமுன் வீட்டுக்காரி முறத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படி மூலையிலிருக்கும் தனிக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும், அளந்து விற்கப்படும். காணிக்கை என்ற சொல்லுக்கு அதுவரை ஞாயிறு தட்டில் விழும் ஆண்களின் காசு என்று பொருள் இருந்த இடத்தில், தினசரி, சமையலோடு சேர்ந்து, பெண் கையால் நடக்கும் காரியமாக அது மாறிற்று. பஞ்ச காலத்தில் அரிசியை வாங்கிக்கொண்ட சபை இப்போது அரிசி கொடுத்தது. எங்கோ தெலுங்கு தேசத்தில் ஒருவர் பிரசங்கிப்பதற்கும் இந்தக் கலயத்துக்கும் நேர்த் தொடர்பு இருப்பதை அந்த வீட்டுக்காரி அறிந்திருந்தாள். எழுப்புதல் கூட்டத்தில் வராத சந்தோஷம் இங்கே வந்ததற்குக் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

1904-ல் சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் சமஸ்தானத்திலுள்ள தோர்ணக்கல்லுக்கு அனுப்பப்பட்டார். மொழி வேறு, சாப்பாடு வேறு, ராஜ்யமும் வேறு. திருநெல்வேலியார் அதை வெளிநாட்டு ஊழியம் என்றே எண்ணினார்கள், அதில் தப்பும் இல்லை. ஐந்தாண்டு கழித்து, 1909-ல், குருப்பட்டம் பெற்ற அசரியாவே அங்கு போய்ச் சேர்ந்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் தோர்ணக்கல்லின் முதல் பேராயராக அபிஷேகம் பெற்றார். இந்திய ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை.

தோர்ணக்கல்லில் அசரியா திருநெல்வேலியின் பிழையைத் திரும்பச் செய்யாமலிருக்கக் கவனமெடுத்தார். ஞானஸ்நானம் பெற்றவர் ஒவ்வொருவரும் தன் தலையில் கைவைத்து, நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தனக்கு ஐயோ என்று பவுலின் பொருளில் சொல்ல வேண்டும் என்று கற்பித்தார். எழுதப் படிக்கத் தெரியாத மாலா, மாதிகா சாதிக் கூலிக்காரருக்கும் அது பொருந்தும். ஆண்டுதோறும் சாட்சி வாரம் நடந்தது. அந்த வாரத்தில் சபையார் கூட்டங்கூட்டமாகப் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பாடினார்கள், தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னார்கள். தெலுங்குக் கீர்த்தனையும் நாட்டுப்புறக் கூத்தும் வழிபாட்டுக்குள் வந்தன. தோர்ணக்கல்லின் எபிபானி பேராலயம் 1939-ல் பிரதிஷ்டையானபோது அதன் தூண்களிலும் கும்மட்டங்களிலும் கோயிலும் மசூதியும் தேவாலயமும் கலந்து தெரிந்தன. பேராயரின் கடைசி ஆண்டுகளுக்குள் மறைமாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சுமார் 2 லட்சத்தைத் தொட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தை ஒதுக்கிவிட முடியாது. ஒரு சாராருக்கு ஆனந்தமாகத் தெரிந்தது இன்னொரு சாராருக்கு ஆபத்தாகத் தெரிந்தது. 1930-களில் தாழ்த்தப்பட்டோர் கூட்டமாக மதம் மாறுவதை காந்தி கடுமையாக எதிர்த்தார். அசரியா தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. இதை இரு தரப்பின் பிடிவாதம் என்று மட்டும் எழுதிவிடுவது சோம்பேறித்தனம், ஏனெனில் தோர்ணக்கல்லின் கிராமங்களில் சாட்சி சொன்னவர்கள் பெரும்பாலும் அந்த மாலா, மாதிகா மக்களே. யாரோ வந்து மாற்றிய பொருள்களாக அவர்களைப் பார்க்கும் பார்வையில், அவர்களே பேசிய பேச்சு காணாமல் போகிறது. திருநெல்வேலியைப் பற்றியும் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. நிஜாம் எல்லைவரை போன சபையார், தம் ஊருக்கு அடுத்த தெருவிலிருந்த வேறு சாதியாரிடம் அதே சந்தோஷத்தோடு போனார்களா என்பது. தூரத்து ஊழியம் அருகிலிருக்கும் சாதிச் சுவரைத் தொடாமலே நடக்கக்கூடியது. சங்க வரலாறுகளைக் கொண்டாட்ட நூல்களாக எழுதுபவர்கள் இதைத் தொடுவதில்லை.

சபை தன் வட்டத்துக்குள்ளேயே சுருங்கிவிடும் அபாயம் அசரியாவுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அவருடைய அரசியல் நிலைப்பாடே சான்று. 1932-ல் பிரிட்டிஷ் அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதிகளைத் தந்தபோது, தலைவர்கள் பலர் அதை உரிமையாக ஏற்றார்கள். அவர் எதிர்த்தார். கிறிஸ்தவர்களைத் தனி வாக்காளர் பட்டியலில் அடைத்தால் சபை தன் எண்ணிக்கையையும் இடங்களையும் காக்கும் ஒரு வகுப்பாக உறைந்துவிடும், வெளியே இருப்பவரைப் பார்க்க அதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும் என்பது அவர் வாதத்தின் சாரம். முதலூர் முதல் மெஞ்ஞானபுரம் வரை கிறிஸ்தவத் தெருக்களில் வளர்ந்து முப்பதாண்டு முன்பு யாழ்ப்பாணத்தில் வெட்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு அந்த வாதம் புதிதல்ல.