ஜொகூரில் மதிப்பீட்டு வரி: நீதியின் அளவுகோல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு தெருவிற்கு வடிகால் அமைக்கப்படுகிறது, விளக்குகள் பொருத்தப்படுகின்றன. அவற்றிற்கான செலவை அத்தெருவின் சொத்துரிமையாளர்களிடையே எவ்வாறு பகிர்வது? மனையின் முகப்பு நீளம், வாடகை, விற்பனை விலை ஆகிய மூன்றனுள் எது நேர்மையான அளவுகோல்? மலாய் வழக்கில் 'சுக்காய் பிந்து' (கதவு வரி) எனப்படும் மதிப்பீட்டு வரியின் வரலாறு, இவ்வினாவிற்கு அளிக்கப்பெற்ற விடைகளின் வரலாறாகும். தீபகற்ப மலேசியாவில் ஜொகூர் இவ்வகையில் தனித்து நிற்பதால், அம்மாநிலத்தை மையமாகக் கொண்டு இதனை ஆராய முற்படுகிறோம்.

முகப்பும் பயனும்

முகப்பு முறை ஆங்கிலச் சட்ட மரபின் வழி வந்தது. இங்கிலாந்தின் 1892ஆம் ஆண்டுத் தனியார் தெருப்பணிச் சட்டம், தெருவைச் செப்பனிடும் செலவை மனைகளின் முகப்பு நீளத்திற்கேற்பப் பகிர்ந்தது. எனினும், ஒவ்வொரு மனையும் பெறும் பயனின் ஏற்றத்தாழ்வைக் கருத்தில் கொள்ளவும் அது இடமளித்தது. மலேசியாவின் 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்திலும் இம்மரபின் சாயலைக் காண்கிறோம். தெருவை ஒட்டி அமையாவிடினும், அதனைத் தன் வழியாகப் பயன்படுத்தும் மனையின் உரிமையாளரும் அச்சட்டத்தின்படி முகப்புரிமையாளரே ஆவார்.

ஜொகூரின் தனித்தன்மை

நகரின் அன்றாடச் செலவுகளுக்கோ வேறோர் அளவுகோல் தேவைப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) இரண்டு அடிப்படைகளை வகுத்து, அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும் உரிமையை மாநில அரசிற்கு வழங்கியது. ஒன்று, ஆண்டு மதிப்பு. சொத்து ஓராண்டில் ஈட்டக்கூடிய வாடகையே அதன் அடிப்படை. மற்றொன்று, மேம்பட்ட மதிப்பு. விற்க விரும்பும் உரிமையாளர் வாங்க விரும்புவோரிடம் எதிர்பார்க்கக்கூடிய விலையே அது. வரியின் உச்சவரம்பு முன்னதில் 35 விழுக்காடு. பின்னதில் 5 விழுக்காடு. தீபகற்பத்தின் பிற மாநிலங்கள் ஆண்டு மதிப்பைப் பின்பற்ற, ஜொகூர் மட்டுமே மேம்பட்ட மதிப்பைக் கைக்கொண்டது. தமிழகத்து நகராட்சிகளிலும் 1920ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்கீழ் ஆண்டு மதிப்பே சொத்து வரிக்கு அடிப்படையாக இருந்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது.

விலையை அளவுகோலாகக் கொள்வதில் ஒரு நியாயம் உண்டு. சாலையும் வடிகாலும் நிலத்தின் விலையை உயர்த்துகின்றன. பொதுச் செலவால் உயர்ந்த மதிப்பின் ஒரு பகுதி பொது நிதிக்குத் திரும்புகிறது. ஆயின், விலை உயர்வு வேறு, வருவாய் உயர்வு வேறு. 2006இல் இஸ்கந்தார் மலேசியா வட்டாரம் தொடங்கப்பெற்ற பின்னர், தென்ஜொகூரில் நில விலை பற்றிய எதிர்பார்ப்புகள் பெருகின. வீட்டை விற்க எண்ணாத ஓய்வூதியருக்கு அவ்வுயர்வு ஏட்டளவிலான செல்வமே.

மறுமதிப்பீட்டின் காலம்

மதிப்புப் பட்டியல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என விதிக்கும் சட்டம், அக்காலத்தை நீட்டிக்கும் அதிகாரத்தையும் மாநில அரசிற்கு அளிக்கிறது. இந்நீட்டிப்பின் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். தலா 100,000 ரிங்கிட் மதிப்புடைய இரு வீடுகள் 1,100 ரிங்கிட் செலவைப் பகிர்கின்றன எனக் கொள்வோம். ஒவ்வொன்றின் பங்கும் 550. பின்னர் ஒன்றின் விலை 400,000 ஆகவும் மற்றதன் விலை 150,000 ஆகவும் உயர்ந்தால், புதிய பட்டியலின்படி அவற்றின் பங்குகள் முறையே 800, 300 ஆக வேண்டும். பழைய பட்டியல் நீடிக்குமாயின், பின்தங்கிய பகுதியினர் வளர்ந்த பகுதியினருக்காக 250 ரிங்கிட் மிகுதியாகச் செலுத்துவர். ஆகவே, மறுமதிப்பீட்டை வரி உயர்வாக மட்டுமே கருதுவது பொருந்தாது.

தீர்மானிப்பவர் யார்?

அளவுகோலைப் போன்றே, அதனைக் கையாள்வோரும் நீதிக்கு இன்றியமையாதவர். 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1966இல் ஜொகூர் பாரு, பத்து பகாட் நகர மன்றங்களின் நிர்வாகம் மாநில அரசின் பொறுப்பில் வந்தது. இத்தகைய சூழலில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயற்பாடுகளை ஆராய்ந்து 1968இல் தன் அறிக்கையை நிறைவு செய்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்பது அதன் பரிந்துரை. 1976ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில அரசு நியமிக்கும் உறுப்பினர்களைக் கொண்ட மன்றங்களையே நிலைநிறுத்தியது. வரி செலுத்துவோர் வரி விதிப்போரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இதனால் அற்றுப்போனது.

முடிவுரை

எஞ்சியிருப்பது ஆட்சேபிக்கும் உரிமை. பிரிவு 142இன்படி, தன் சொத்து மிகையாக மதிப்பிடப்பட்டது என்று மட்டுமன்றி, பிறிதொரு சொத்து குறைத்து மதிப்பிடப்பட்டது என்றும் ஒருவர் முறையிடலாம். பிரிவு 134, வழிபாட்டிடங்களுக்கும் பொதுப் பள்ளிகளுக்கும் வரிவிலக்கு அளிக்க வழிசெய்கிறது. ஆயினும் அது மாநில அரசின் விருப்புரிமையே. கோயில் நிர்வாகத்தினரும் பள்ளி வாரியத்தினரும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

முகப்பு, வாடகை, விலை ஆகிய எவ்வளவுகோலும் தன்னளவில் முழு நீதி வழங்குவதில்லை என்பதே நம் ஆய்வு முடிவு. காலந்தோறும் திருத்தப்படும் பட்டியலும், செலுத்துவோரின் குரலுக்குச் செவிசாய்க்கும் மன்றமும் ஒருங்கே அமையும்போதுதான் அளவுகோல் நேர்மை பெறுகிறது. ஆதி நாகப்பன் ஆணையத்தின் அறிக்கையை நாம் இன்றும் கற்க வேண்டியது இதன்பொருட்டே.