இரண்டு அவுன்ஸ் கஜு

சங்கத் தேநீர் விருந்துகளில் யாருடைய லவ் கேக் முதலில் முடியும், கொட்டாஞ்சேனையா வெள்ளவத்தையா? எங்கள் அம்மாமார் காலத்து வழக்கு இது. ரவை, கஜு, மஞ்சட்கரு, பன்னீர், பாகில் இட்ட நீற்றுப்பூசணி எல்லோருக்கும் ஒன்றுதான். 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல் அலுமாரியில் இருந்தாலும் அவரவர் நம்பியது தம் கொப்பியைத்தான். கொட்டாஞ்சேனையார் தட்டுகளைப் பேக்கரிப் போறணைக்கு அனுப்புவர். வெள்ளவத்தையார் அதைக் கேலி செய்வர். (பதமான வேகல் போறணையில்தான் என்பது எங்கள் தீர்ப்பு.)

1983 ஜூலையில் எரிந்த வெள்ளவத்தை வீடொன்றில் கேக் கொப்பியும் போயிற்று. இரத்மலானை முகாமிலிருந்து திரும்பிய அந்த அம்மாவிடம் கொட்டாஞ்சேனைப் போட்டியாளர் ஒரு தாளை நீட்டினார். முன்பொருநாள் களவாகப் பார்த்து எழுதிய அதே அளவுகள்! கஜு மட்டும் இரண்டு அவுன்ஸ் குறைவு என்று இருவரும் கடைசிவரை வாதாடினார்கள். டொரன்டோவிலும் மெல்பேர்னிலும் நாங்கள் இன்றும் அந்தக் குறைவோடேயே சுடுகிறோம்.