ஜோடி ராம்: கட்டாயமாகப் பிறந்த ஒரு பழக்கம்

வீட்டுக் கணினிக்கு ராம் வாங்குகிறவர், ஒரே அளவுள்ள இரண்டு ராம்களைத் தனித்தனியாக வாங்கலாம். இல்லாவிட்டால் நிறுவனமே சேர்த்துச் சோதித்து ஒரே பெட்டியில் அடைத்துத் தரும் ஜோடியை, அதாவது ‘கிட்’டை வாங்கலாம். கிட் வாங்காவிட்டால் கணினி தகராறு செய்யும் என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு உறுதியான காரணம் இருந்தது. அந்தக் காரணம் எப்படிப் பிறந்தது, எப்போது தளர்ந்தது என்று தெரிந்துகொண்டால், இன்று அதற்குப் பணம் கொடுக்கலாமா என்பது தானே விளங்கும்.

1990களின் தொடக்கத்தில் ராம் என்பது 30 பின் கொண்ட ‘சிம்’ என்னும் சிறு பலகை. ஸ்லாட்டில் சாய்வாகச் செருகி நிமிர்த்தினால் இரு பக்கக் கொக்கிகளும் கவ்விக்கொள்ளும். இப்பலகை ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் 8 பிட் தரவைத்தான் தரும். 486 பிராசஸரோ ஒரே மூச்சில் 32 பிட் கேட்கும். ஆகவே நான்கு பலகைகள் சேர்ந்தால்தான் ஒரு வரிசை நிறையும். மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 32 பிட் தரும் 72 பின் பலகை வந்தபோது 486க்கு ஒன்றே போதுமானதாயிற்று. ஆனால் 1993இல் வந்த பென்டியம் 64 பிட் கேட்டது. மறுபடியும் ஜோடி கட்டாயமானது. பிறகு 168 பின் ‘டிம்’ தனியாகவே 64 பிட் தந்ததால் அந்தக் கட்டாயமும் நீங்கியது. முதல் கட்டத்தில் ஜோடி என்பது வெறும் வகுத்தல் கணக்கு.

இரண்டாம் கட்டத்தைத் தொடங்கிவைத்தது வேகப் பசி. 2000இல் பென்டியம் 4உடன் வந்த இன்டெல் 850 சிப்செட்டில் ராம்பஸ் நினைவகத்தை ஜோடியாகத்தான் போட வேண்டும். காலி ஸ்லாட்டிலும், மின்தொடர்பு அறுந்துபோகாதிருக்க, சிப் இல்லாத வெற்றுப் பலகையைச் செருக வேண்டும். 2003இல் இன்டெலின் 865, 875 சிப்செட்டுகள், இரண்டு ராமிலிருந்தும் ஒரே நேரத்தில் தரவு பெறும் இரட்டைச் சேனலைச் சாதாரண டிடிஆர் ராமிலும் பரவலாக்கின. டிடிஆர்400 ராம் ஒன்று நொடிக்கு 3.2 ஜிபி தரும். இரண்டு சேனல் சேர்ந்தால் 6.4 ஜிபி. அன்றைய பென்டியம் 4 வாங்கிக்கொள்ளக்கூடிய அளவும் சரியாக அதுவே. ஆனால் இரண்டு ராமும் கொள்ளளவிலும், உள்ளிருக்கும் சிப்புகளின் அமைப்பிலும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிட்டால் ஒற்றைச் சேனலுக்கு இறங்கிவிடும். சிப் அமைப்பைப் படித்துப் பொருத்தம் பார்ப்பது சாதாரண வாடிக்கையாளரால் ஆகிற காரியமல்ல. அதைப் பார்த்துக் கொடுத்த கிட், அன்று விலைக்கேற்ற சேவையாகவே இருந்தது.

அந்தக் கண்டிப்பு நீடிக்கவில்லை. பின்னர் வந்த இன்டெல் சிப்செட்டுகள் அளவு வேறுபட்ட ராம்களையும் ஏற்கப் பழகின: 4 ஜிபியும் 8 ஜிபியும் போட்டால், முதல் 4+4 இரட்டைச் சேனலிலும் மிச்சம் ஒற்றையிலும் ஓடும். ராம் பலகையில் பெரிய சிப்புகளுக்கு நடுவே எட்டுக் கால்களுடன் ஒரு குட்டிச் சிப் இருக்கும். அந்த ராமின் அளவு, வேகம், நேரக்கணக்கு எல்லாம் அதில் பதிந்திருக்கும். கணினியை இயக்கியதும் பயாஸ் அவற்றைப் படித்து, எல்லா ராமுக்கும் ஒத்துவரும் வேகத்தைத் தேர்ந்துகொள்கிறது. வேறுபட்ட இரண்டைச் சேர்த்தால் மெதுவான ராமின் வேகத்தில் இரண்டும் ஓடும். அநேகமாக அவ்வளவுதான் இழப்பு.

அப்படியானால் ராமைக் கலந்து போட்ட கணினிகள் ஏன் சில நேரம் உறைந்துபோகின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2007இல் இன்டெல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி வசதி, பொதுத் தர அளவைத் தாண்டிய வேகத்தை ராமிலேயே பதிந்து தருகிறது. அந்த வேகத்துக்கான உத்தரவாதம் பெட்டியில் சேர்ந்து வந்த ராம்களுக்கு மட்டுமே. ஒரே மாடல் எண் கொண்ட ராமில்கூட ஆறு மாதம் கழித்து வேறு சிப் இருக்கக்கூடும். எனவே உச்ச வேகம் வேண்டுகிறவருக்கு கிட் உண்மையான பாதுகாப்பு. இரண்டு கிட்டுகளைச் சேர்த்தால் அது நான்கு ராம் கிட் ஆகிவிடாது. 2020இல் தரநிலை வெளியான டிடிஆர்5இல் ஒரே ராமுக்குள் இரண்டு சேனல் இருக்கிறதே, ஒன்று போதாதா என்ற வாதமும் உண்டு. அவை 32 பிட் அகலமுள்ள இரு பாதிகள். கூட்டினால் பழைய 64 பிட்தான். முழு அகலத்துக்கு இன்றும் இரண்டு ராம் வேண்டும்.

ஆகவே என் முடிவு இது: பலன் தருவது இரண்டு சேனலும் நிரம்புவது, ஒரே பெட்டியில் வந்ததா என்பது அதற்கு அடுத்ததே. பிராசஸரிலேயே கிராபிக்ஸ் உள்ள கணினிக்கு அந்தப் பலன் மிக அதிகம், ஏனென்றால் அது தனி நினைவகம் இல்லாமல் இதே ராமில்தான் வேலை செய்கிறது. புதிதாகக் கணினி சேர்க்கிறவர்கள், விலை வித்தியாசம் சிறியதென்றால், இரண்டு ராம் கொண்ட ஒரே கிட்டை வாங்குங்கள். பழைய கணினிக்குக் கூடுதல் ராம் தேடுகிறவர்கள், நன்றாக ஓடும் ராமைக் கழற்றி எறிய வேண்டாம். அதே தலைமுறை, அதே கொள்ளளவு, அதே வேகம் பார்த்து இன்னொன்று வாங்கி, மதர்போர்டு கையேடு காட்டும் ஸ்லாட்டில் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு ஓடவிடுங்கள். பிழை ஒன்றும் வராவிட்டால், உங்கள் வீட்டு வேலைக்கு அந்த ஜோடியே போதும்.