அன்னையின் உருவமும் ஓவியன் இட்ட பெயரும்

ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் தம் தாயை வரைந்த ஓவியத்தை நம்மில் பலர் எங்கேனும் பார்த்திருப்போம். கறுப்பு உடையில், பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் மூதாட்டி. 1871இல் வரையப்பட்ட அப்படத்துக்கு அவர் இட்ட பெயர் 'சாம்பலும் கறுப்புமான அமைவு, எண் 1'. பெற்றவளை நிறங்களின் அமைவு என்று அழைக்க ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? விடை காண நாம் ஒன்பது ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

1862இல் வெண்ணிற உடையணிந்த பெண்ணை அவர் வரைந்த ஓவியத்தை லண்டன் ராயல் அகாதெமி ஏற்க மறுத்தது. பெர்னர்ஸ் தெருக் காட்சிக்கூடமொன்று அதனை 'வெள்ளாடைப் பெண்' என்ற பெயரில் மாட்டியது. வில்கி காலின்ஸின் அதே பெயர்கொண்ட நாவல் அப்போது பெரும்புகழ் பெற்றிருந்தது. விளைவு, விமர்சகர் ஒருவர் முகம் நன்றாக இருப்பினும் அது காலின்ஸின் நாயகியின் முகமன்று என்று குறை கண்டார். அந்நாவலைத் தாம் படித்ததே இல்லை என்றும், வெண்திரைக்கு முன் வெள்ளுடுத்த பெண் நிற்கிறாள், அவ்வளவே என்றும் விஸ்லர் எழுத நேர்ந்தது. பதிற்றுப்பத்தின் பாட்டுகளுக்கு அவற்றின் உள்ளிருந்தே எடுத்த தொடர்கள் பெயராய் நிற்பதைக் கண்டு பழகிய நமக்கு, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பெயர் ஒரு படைப்பைப் படுத்தும் பாடு எளிதில் விளங்கும்.

மறு ஆண்டு பாரிஸில் அதே படத்தைக் கண்ட பால் மான்ட்ஸ் என்னும் விமர்சகர் அதனை வெண்மையின் சிம்பொனி என்றார். விஸ்லர் அச்சொல்லைப் பற்றிக்கொண்டார். 1867இல் ராயல் அகாதெமியில் 'வெண்மையில் சிம்பொனி, எண் 3' என்றே ஓர் ஓவியத்தை வைத்தார். ஹாமர்ட்டன் என்பார் அதில் மஞ்சள் சாயலும் சிவப்பு விசிறியும் இருக்கின்றனவே என்றார். ஒரு சுரத்தை ஆதாரமாகக் கொண்ட சிம்பொனியில் அச்சுரம் ஒன்றே ஒலிக்குமா என்பது விஸ்லரின் மறுமொழி. 'நாக்டர்ன்' என்னும் இராப்பண் பெயரோ, பியானோ வாசிக்கும் கப்பல் வணிகரும் அவருடைய புரவலருமான லேலண்ட் தந்தது. அது விமர்சகர்களை எரிச்சலூட்டுவதில் தமக்குள்ள இன்பத்தையும் சேர்த்தே விஸ்லர் அவருக்கு நன்றி எழுதினார். இவர் பெயரிட்டது முழுவதும் கொள்கையால் அன்று; கொஞ்சம் குறும்பாலும்தான்!

அக்குறும்புக்கு விலையும் இருந்தது. 'கறுப்பிலும் பொன்னிலும் நாக்டர்ன்: விழும் வாணம்' என்ற ஓவியத்தையும் அதற்குக் கேட்ட 200 கினியையும் 1877இல் ரஸ்கின் கடுமையாகச் சாடினார். விஸ்லர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1878 நவம்பரில் நீதிமன்றத்தில் அவர் தம் தலைப்பையும் விளக்க வேண்டியதாயிற்று. படத்திலிருந்து புறக்கதையை நீக்கி, கலையின்பத்தை மட்டும் சுட்டவே அப்பெயர் என்றார். வென்றார்; கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அஃதாவது கால் பென்னி. செலவை அவரே சுமந்தார். 1879இல் திவாலானார்.

அன்னையின் படத்தை 1891இல் பிரெஞ்சு அரசு வாங்கியது. விஸ்லர் மறைந்தது 1903இல். 1934இல் அமெரிக்க அஞ்சல் துறை அப்படத்தை அன்னையர்க்குக் காணிக்கையாகத் தலையில் வெளியிட்டபோது, மூலத்தில் இல்லாத ஒரு பூச்சாடியை மூலையில் சேர்த்தது. பிறரை மட்டும் நாம் நொந்துகொள்வதற்கில்லை. 1872இல் ராயல் அகாதெமியில் அதனைக் காட்சிக்கு வைத்தபோது, 'அமைவு' என்ற பெயருக்குப் பின்னே 'ஓவியரின் தாய்' என்ற குறிப்பும் இருந்தது.