எரிவாயுக் கப்பல்களும் தீயின் எல்லைகளும்

எமது சமையலறைகளில் எரியும் வாயு கப்பல்கள் மூலமே இந்நாட்டை வந்தடைகின்றது. அக்கப்பல்களை மிதக்கும் வெடிகுண்டுகள் என வர்ணிப்போர் உளர். ஆயினும், ஆபத்து எங்கே இருக்கின்றது என்பதை நாம் சரியாக விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

எரிவாயு தனித்து எரிவதில்லை. அது குறித்த அளவில் வளியுடன் கலந்திருத்தல் வேண்டும், தீப்பொறியும் வேண்டும். மெதேன், வளியில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தாலே தீப்பற்றும். புரொப்பேனுக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 2 முதல் 9.5 சதவீதமாகும். அளவு குறைந்தால் எரிவதற்கு வாயு போதாது; கூடினால் ஒட்சிசன் போதாது. எனவே, வாயு மட்டும் நிறைந்த தாங்கியினுள் தீக்கு இடமில்லை. வாயு வெளியே கசியும்போதும் வளி உள்ளே புகும்போதுமே ஆபத்து நெருங்குகின்றது. ஒரு லீற்றர் திரவப் புரொப்பேன் கசிந்தால் ஏறத்தாழ 270 லீற்றர் வாயுவாக விரியும். வளியைவிடப் பாரமானதாகையால் அது தாழ்வான இடங்களில் தேங்கிநிற்கும்.

பரிசோதனைக்காகத் தாங்கியைத் திறக்குமுன், எரிதலுக்கு உதவாத நைதரசன் போன்ற வாயுவைச் செலுத்தி எரிவாயுவை அகற்றுவர். அதன் பின்னரே வளி செலுத்தப்படும். ஆனால், தீயைத் தடுக்கும் அதே நைதரசன் மனிதனுக்கு எமனாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒட்சிசன் வழமையான 21 சதவீதத்தில் இருப்பதையும் எரிவாயு எஞ்சியிராததையும் அளவிட்டு உறுதிசெய்யாமல் எவரும் உள்ளே இறங்கலாகாது.

1974 நவம்பர் 9ஆம் திகதி டோக்கியோ விரிகுடாவில், புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றுடன் நப்தாவையும் ஏற்றிவந்த 'யூயோ மாரு 10' என்ற கப்பல், 'பசிபிக் ஏரிஸ்' என்ற சரக்குக் கப்பலுடன் மோதித் தீப்பற்றியது. இரு கப்பல்களிலுமாக 33 பேர் மாண்டனர். தீயை முற்றாக அணைக்க இயலாத நிலையில், அம்மாத இறுதியில் ஜப்பானியக் கடற்படையினர் அக்கப்பலை ஆழ்கடலில் மூழ்கடித்தனர்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் எரிவாயுக் கப்பல் விதிக்கோவை 1986 ஜூலையில் கட்டாயமாக அமுலுக்கு வந்தது. சரக்குத் தாங்கிகள் கப்பலின் வெளிச்சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதும், வாயுக் கசிவைக் கண்டறியும் கருவிகள் பொருத்தப்பட வேண்டும் என்பதும் அதன் ஏற்பாடுகளாகும்.

எனினும், விதிகள் மட்டும் உயிரைக் காப்பதில்லை. நேரத்தை மிச்சப்படுத்த ஓர் அளவீட்டைத் தவிர்த்தால், அதன் விலையைச் செலுத்துபவர் தாங்கியினுள் இறங்கும் மாலுமியே. அளவிட்டு முடியும்வரை இறங்க மறுக்கும் மாலுமியை நிறுவனங்கள் கண்டிக்கலாகாது. பாராட்ட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.