கண்ணம்மா

கண்ணம்மா என்பது சுப்பிரமணிய பாரதியார் (1882–1921) தம் 'கண்ணன் பாட்டு' நூலில் பாடிய காதலியின் பெயர். கண்ணன் என்னும் ஆண்பெயர் பெண்பாலாகிக் கண்ணம்மா ஆயிற்று.

தாம் எழுதிவந்த 'இந்தியா' இதழின் மீது ஆங்கில அரசு நடவடிக்கை எடுத்ததால், 1908இல் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்தார். 1918 நவம்பர் வரை அங்கு வாழ்ந்தார். அக்காலத்தில் பிறந்த கண்ணன் பாட்டைப் பரலி சு. நெல்லையப்பர் 1917இல் வெளியிட்டார். இரண்டாம் பதிப்பு, வ.வே.சு. ஐயரின் முன்னுரையோடு 1919இல் வந்தது.

நூலில் 23 பாடல்கள் உள்ளன. திருமாலைத் தலைவனாகவும் தம்மைத் தலைவியாகவும் கொண்டு பாடுவது ஆழ்வார்கள் கண்ட நெறி. பாரதியார் அந்நெறியில் கண்ணனைக் காதலனாக ஐந்து பாடல்களில் பாடினார். பின்னர் அதைத் திருப்பி, தெய்வத்தைப் பெண்ணாக்கித் தாம் காதலனாய் நின்று ஆறு பாடல்கள் பாடினார். நூலின் வேறு பாடல்களில் கண்ணம்மா குழந்தையாகவும் குலதெய்வமாகவும் வருவதால், காதலியிடம் அவர் கொண்ட அன்பில் தாய்மையின் பரிவும் பக்தியின் பணிவும் கலந்திருக்கின்றன.

காதலிப் பாடல்களில் முதலாவதான 'காட்சி வியப்பு' வானத்தையே அவள் வடிவாகக் காண்கிறது. கதிரும் நிலவும் கண்களாகின்றன. விண்ணின் கருமை விழியிலும், நள்ளிரவின் மீன்கள் புடவையிலும் தெரிகின்றன. 'முகத்திரை களைதல்' பெண்ணின் முகத்தை மறைக்கும் வழக்கத்தை மறுக்கிறது. இறுதியான 'யோகம்' இருவரையும் ஒன்றின்றி மற்றொன்று நிறைவுறாத இணைகளாகக் காட்டுகிறது.

கண்ணம்மா பாடல்களுக்கு இணையான குரல் பின்னர் ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு மொழியில் எழுந்தது. செனகல் நாட்டுக் கவிஞர் லெயோப்போல் செங்கோர் (1906–2001) 1945இல் வெளியிட்ட 'நிழற்பாடல்கள்' தொகுப்பில் கறுப்புப் பெண்ணைப் போற்றும் புகழ்பெற்ற கவிதை உள்ளது. வெள்ளையர் இழிவாக எண்ணிய நிறத்தை அவர் உயிரின் நிறமாகப் பாடினார். அவர் கவிதையில் காதலியே தாய்மண்ணாகவும் ஆகிறாள். பாரதியார் காதலியிடம் தெய்வத்தைக் கண்டார். செங்கோர் தம் நாட்டைக் கண்டார். கருமையை அழகென்று போற்றியதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

புதுச்சேரியில் பிறந்து, பாரதியாரோடு பழகி, அவர் பெயரைத் தம் புனைபெயரில் ஏற்ற பாரதிதாசன் (1891–1964), 'குடும்ப விளக்கு' நூலின் ஐந்தாம் பகுதியில் முதியோர் காதலைப் பாடிப் பாரதியாரின் காதல் பாட்டு மரபை இல்லறத்துக்குள் கொண்டுசென்றார்.

புதுச்சேரியில் பாரதியார் வாழ்ந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு இன்று நினைவு அருங்காட்சியகமாகவும் நூலகமாகவும் விளங்குகிறது.